தாராவுக்கு ஒரு நற்சான்றிதழ்

மாத்தளையில் கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் பூபாலரத்தினம் அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. நாற்பது வெற்றிலையை விசிறிபோல் அடுக்கிய கட்டொன்றை இரு கையாலும் ஏந்திக் குனிந்து நீட்ட வேண்டும். கௌரவ உறுப்பினர் அதை விரல் நுனியால் தொடுவார். தொட்டதை இணைப்புச் செயலாளர் ஸஹாப்தீன் வாங்கி மேசையில் வைப்பார். மேசை நிறைந்ததும் கட்டுகள் பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு, வாசலில் வெற்றிலை விற்கும் பாப்பம்மாவின் கூடைக்கே வந்து சேரும். காலை எட்டு மணிக்குப் பளபளவென்றிருந்த வெற்றிலை மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பேருடைய மரியாதையைச் சுமந்து களைத்துப் போயிருக்கும். இதில் யாருக்கும் குறை இல்லை. கொடுத்தவருக்குக் கொடுத்த திருப்தி, வாங்கியவருக்கு வாங்கிய திருப்தி, வெற்றிலையை மெல்லும் எண்ணம் இரண்டு பேருக்குமே கிடையாது.

பலாபத்வலையிலிருந்து பஸ் ஏறி வந்த முத்துவீரன் அந்தச் சனிக்கிழமை வாங்கியது நாலாம் சுற்று வெற்றிலை. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. நான்கு மாதமாக அவன் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவனுடைய ஆறு வயது மகள் தாரா நான்கு மாதமாக வீட்டில் இல்லை.

ஸஹாப்தீனிடம் ஒரு பெரிய பதிவுப் புத்தகம் இருந்தது. அதில் நான்கு பிரிவுகள்: வேலை, இடமாற்றம், கூரைத் தகரம், வெளிநாடு. பதினோரு வருட அனுபவத்தில், மாத்தளை மாவட்டத்து மனிதன் இந்த நான்கையும் தாண்டி ஐந்தாவதாக ஒன்றை ஆசைப்பட்டதாக அவருக்கு நினைவில்லை.

"என்ன விசயம் தம்பி?"

"ஒரு சட்டம் நானா" என்றான் முத்துவீரன், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில்.

"காணிப் பிரச்சினையா?"

"இல்ல நானா. பார்லிமெண்டுல ஒரு சட்டம் வரப்போகுதாம். தாய் தகப்பன்ல ஒருத்தர், மத்தவருக்குத் தெரியாம புள்ளைய வேற நாட்டுக்குக் கொண்டு போயிட்டா, திருப்பி எடுக்கிறதுக்கு ஒரு சட்டம். அதுக்கு ஐயா கை தூக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஸஹாப்தீன் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். போர் நடந்துகொண்டிருந்த காலம். பிள்ளையைக் கொண்டு போய்விட்டார்கள் என்று யாராவது சொன்னால் யார் என்று கேட்பதற்கு முன்னால் சுற்றிலும் பார்த்துக்கொள்வது நல்லது.

"வேன்ல வந்தாங்களா?"

"ஏரோப்பிளேன்ல போனாங்க நானா. அவ அம்மாதான் கொண்டு போச்சு. சுவிஸுக்கு."

பேனா மறுபடியும் திறந்தது.

"ஒங்கட புள்ள சுவிஸ்லயா இருக்கு?"

"ஆமா நானா."

"அப்ப என்ன கொற?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பல்லேகமவிலிருந்து விடியற்காலையே புறப்பட்டு வந்திருந்த கிருஷ்ணம்மா என்ற பெண், மகனை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று மூன்று வருடமாக அலைகிறவள், முத்துவீரனின் முழங்கையைப் பிடித்தாள். "தம்பி, எந்த ஏஜென்சி?" என்று கேட்டாள். அவன் பேந்தப் பேந்த விழித்தான். ஸஹாப்தீன் தயங்காமல் 'வெளிநாடு' என்ற பிரிவில் அவன் பெயரை எழுதி, முப்பத்தெட்டாம் இலக்கத் துண்டைக் கையில் கொடுத்தார்.

இந்த இடத்தில் முத்துவீரனின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது, கௌரவ உறுப்பினர் இன்றைக்கு அதைக் கேட்கப் போவதில்லை. ஏ-ஒன்பது வீதி ஓரத்தில் உல்லாசப் பயணிகளுக்கு ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் காட்டும் வாசனைத் தோட்டம் ஒன்றில் அவன் கைட் வேலை பார்த்தான். அவனுடைய தாய் தகப்பன் மேலே உள்ள கொக்கோ தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன், செடிகளின் பெயரையும் அவை தீர்க்கும் நோய்களையும் ஐந்து மொழிகளில் ஒப்பிப்பான். ஜெர்மன் பாஷையில் ஒப்பித்தபோது கேட்டுக்கொண்டு நின்ற உர்சுலா என்ற சுவிஸ் நாட்டுப் பெண்ணுக்கு முதுகுவலி. தோட்டத்து எண்ணெயில் வலி போனது. அவள் போகவில்லை. கல்யாணம் செய்துகொண்டு பலாபத்வலையில் ஏழு வருடம் குடித்தனம் நடத்தினாள். தாரா பிறந்து, நடை பழகியதும் அப்பா பின்னாலேயே தோட்டத்தில் திரிந்து, வெள்ளைக்காரர்களுக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்று, "இது கராம்பு, பல்லுவலிக்கு நல்லது" என்று தானும் ஒப்பிப்பாள். அந்தச் சித்திரையில், பாட்டியைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் வருவதாகச் சொல்லி உர்சுலா மகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். மூன்றாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. பிள்ளை இனி அங்கேதான் படிக்கும் என்று எழுதியிருந்தது.

மாத்தளையில் கமலாட்சி என்ற சட்டத்தரணி அவனுக்கு விஷயத்தை விளக்கினார். அந்த நாடு ஏற்கெனவே இப்படியான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நம்முடைய நாட்டிலும் சட்டம் வந்துவிட்டால், இங்கிருந்து ஒரு கடிதம் போனால் போதும், அங்குள்ள நீதிமன்றம் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும்.

"ஆனா முத்துவீரன், ஒரு வருசத்துக்குள்ள நடக்கணும். அதுக்கு மேல போனா, புள்ள அங்க பழகிருச்சு, இனி அசைக்க வேணாம்னு சொல்லிருவாங்க. போய் எம்.பி.மாருங்களைப் பிடிங்க."

எம்.பி.யைப் பிடிப்பதற்கு வந்தவன்தான் முப்பத்தெட்டாம் இலக்கத் துண்டோடு சுவரில் சாய்ந்து நின்றான்.

பகல் ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். முத்துவீரன் வெற்றிலையை நீட்டினான். கௌரவ உறுப்பினர் தொட்டார். ஸஹாப்தீன் புத்தகத்தைப் பார்த்து, "வெளிநாடு. மகள். சுவிஸ்" என்று மூன்று சொல்லில் சொன்னார்.

கௌரவ உறுப்பினரின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து முத்துவீரனின் தோளில் கை வைத்தார்.

"பாருங்க ஸஹாப்தீன், ஒரு தோட்டத் தொழிலாளியோட பேத்தி இன்னைக்கு சுவிஸ்ல. பதினோரு வருசத்துக்கு முந்தி இது நடக்குமா? நான் வந்த பொறகுதானே இதெல்லாம்."

"ஐயா, நான் புள்ளைய திருப்பிக் கேட்டுத்தான்..."

"கேளுங்க தம்பி. கேக்கிறதுக்குத்தான் இந்த எடம். எதுக்கும் வெக்கப்பட வேணாம். எழுதிக் குடுத்துருவோம்."

அடுத்த ஆள் வெற்றிலையோடு குனிந்துவிட்டார். அவருக்கும் முதுகு இருக்கிறதல்லவா. முத்துவீரன் வெளியே வந்து, ஐயா ஒத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தான். பஸ்ஸில் போகும்போது சந்தோஷமாகக்கூட இருந்தான். பாவம்.

அந்த அலுவலகத்தில் 'வெளிநாடு' பிரிவுக்கு ஒரே ஒரு கடிதம்தான் உண்டு. வருடக்கணக்காக அதையே தட்டச்சு செய்து வந்தார்கள். பெயரும் நாடும் மட்டும் மாறும். மார்கழியில் கமலாட்சி சட்டத்தரணி அவனை அவசரமாகக் கூப்பிட்டு அதன் பிரதியைக் காட்டினார். அது சுவிஸ் தூதரகத்துக்குப் போய், அங்கிருந்து சுவிஸுக்குப் போய், உர்சுலாவின் வக்கீல் கையில் கிடைத்து, அவர் இங்கே திருப்பி அனுப்பியிருந்தார். கமலாட்சி வாசித்தார்:

"மேற்படி செல்வி தாரா முத்துவீரன் என்பவரை நான் நீண்டகாலமாக நன்கறிவேன். இவர் ஒழுக்கமும் கடின உழைப்பும் மிக்கவர். மதுபானப் பழக்கம் அற்றவர். எவ்விதப் பயங்கரவாத நடவடிக்கைகளிலும் ஈடுபட்டவரல்லர். இவர் தங்கள் நாட்டில் தொடர்ந்து தங்கியிருப்பதற்கு வேண்டிய சகல வசதிகளையும் செய்து கொடுக்குமாறு மிகவும் தயவாகச் சிபாரிசு செய்கின்றேன்."

கீழே சிங்க முத்திரையும் கையொப்பமும் இருந்தன.

"தகப்பனோட எம்.பி.யே புள்ள அங்க இருக்கட்டும்னு எழுதியிருக்காரு, பொறகு என்ன வழக்குன்னு அந்த வக்கீல் கேக்கிறாரு" என்றார் கமலாட்சி. "இதை ரத்து செஞ்சு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. சீக்கிரம். எட்டு மாசம் போயிருச்சு."

முத்துவீரன் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவன் கோபக்காரன் இல்லை. கோபப்படத் தெரிந்திருந்தால் ஒருவேளை இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அவன் கடிதத்தைக் காட்டியதும், ஸஹாப்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"தூதரகம் இதை ஏத்துக்கிச்சா?"

"ஆமா நானா. அதுதான் பிரச்சினை."

"ஏத்துக்கிட்டு அந்த நாட்டுக்கே அனுப்பினாங்களா?"

"ஆமா."

"அதை வச்சு புள்ளைய அங்கேயே இருக்கச் சொல்றாங்களா?"

"ஆமா நானா, அதைத்தான் ரத்து செய்யணும்..."

ஸஹாப்தீன் நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் இந்த அலுவலகத்திலிருந்து போன ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஒன்றாவது வேலை செய்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. மனிதர் தன்னுடைய வாழ்க்கை வீணாகப் போகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

"தம்பி, ரத்து செய்ற நடைமுறை நம்மகிட்ட இல்ல" என்றார், கனிவாக. "வேலை செய்யாத கடிதத்தை ஏன் ரத்து செய்யணும்? அதனால அந்த நடைமுறை ஏற்படல்ல. இது வேலை செஞ்சிருச்சு. இதை எப்பிடி ரத்து செய்யச் சொல்றீங்க?"

பிரதியை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை அது கண்ணாடிச் சட்டம் போட்டு, கௌரவ உறுப்பினரின் படத்துக்குக் கீழே சுவரில் தொங்கியது. செய்தி காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. வஹகோட்டையிலிருந்தும் பல்லேகமவிலிருந்தும் ஆட்கள் வந்து, வரிசை பிரதான வீதி வரைக்கும் நீண்டது. எல்லோரும் 'தாரா கடிதம்' கேட்டார்கள். முப்பது வயது ஆண்கள், மீசையை முறுக்கிக்கொண்டு, "எனக்கு ஒரு தாரா கடிதம் போடுங்க" என்றார்கள். பாப்பம்மாவின் வெற்றிலை அன்று பத்துச் சுற்று வந்தது. கிருஷ்ணம்மா முத்துவீரனைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒங்க புள்ள புண்ணியத்துல என் மகனுக்கும் கெடைக்கும் தம்பி."

"அக்கா, எனக்கு என் புள்ள வேணும்" என்றான் முத்துவீரன்.

அவள் சிரித்தாள். பெரிய இடத்துக்குப் போனவர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று பின்னால் நின்றவரிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவன் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய் சுவிஸுக்குப் பேசுவான். ஆரம்பத்தில் தாரா மூச்சு விடாமல் கேட்பாள். நாய் குட்டி போட்டதா, மிளகுக் கொடி கூரை வரைக்கும் ஏறியதா, என்னுடைய சிவப்புச் செருப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் அப்பா. மழைக்காலம் வந்தபோது அவன் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. தை பிறந்த பிறகு "ம்" என்று வந்தது. மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, உர்சுலாதான் எடுத்தாள்.

"தாரா நீச்சல் போச்சு" என்றாள், அவன் கற்றுக் கொடுத்த தமிழில்.

"அவளுக்கு நீச்சல் தெரியுமா?"

"இப்ப தெரியும்."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே நின்றான். தன் மகளுக்குத் தெரிந்த ஒரு காரியம் தனக்குத் தெரியாமல் நடந்தது அதுதான் முதல் தடவை. வெளியே காத்திருந்தவர் கண்ணாடியைத் தட்டியபோது அவனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாளே மாத்தளைக்குப் போய், சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல், வெற்றிலையும் இல்லாமல், கௌரவ உறுப்பினரின் வாகனத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். காவலர்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு குதித்தார்கள். அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினான்.

"ஐயா, கடிதம் வேணாம். தகரம் வேணாம். ஒரே ஒரு தடவை, அந்தச் சட்டம் வர்ற அன்னைக்கு, பார்லிமெண்டுல கையைத் தூக்குங்க. அவ்வளவுதான் ஐயா. ஒரு கை."

கௌரவ உறுப்பினர் கண்ணாடியை இறக்கினார். தாரா கடிதத்தின் தகப்பன் என்று அடையாளம் தெரிந்தது. உள்ளே ஏறிக்கொள்ளச் சொன்னார். வாகனம் நகர்ந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு தொகுதிவாசி சொன்னதை முழுவதும் கேட்டார்.

"தம்பி, கை தூக்கிறது லேசான வேலைன்னு நெனைக்காதீங்க. இந்தப் பதினோரு வருசத்துல நான் எத்தனையோ சட்டத்துக்குத் தூக்கியிருக்கேன். எதுக்கு தூக்கிறோம்னு தெரியாத வரைக்கும் பிரச்சினையே இல்ல. பக்கத்துல உள்ளவரு தூக்கினா நானும் தூக்குவேன். ஆனா இது நீங்க வந்து சொல்லிட்டீங்க. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சு தூக்கணும்னா படிக்கணும். படிக்கணும்னா அங்க போகணும்."

"எங்க ஐயா?"

"சுவிஸுக்குத்தான். வேற எங்க?"

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. அரசாங்கத்தில் ஒன்று வேகமாக நடக்க வேண்டுமானால் அதில் ஒரு விமானம் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். எல்லாக் கட்சிகளிலிருந்தும் ஆள் சேர்த்து, பிள்ளைகளை வேறு நாட்டுக்குக் கடத்திக் கொண்டுபோவது பற்றி ஆராயும் தூதுக்குழு ஒன்று அமைந்தது. இந்தச் சட்டத்தில் அக்கறை உள்ள உறுப்பினர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். போய்ப் பார்க்கும் வரைக்கும் அக்கறை இல்லாதிருந்தவர்களுக்கும் அக்கறை வந்தது. கௌரவ உறுப்பினர், குறிப்பெடுப்பதற்கென்று தன் தங்கை மகனையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையனுக்கு விசா எடுக்கும்போது தாரா கடிதமும் ஒன்று வைத்தார்கள். பெயர் மாற்றியிருந்தது.

"புள்ளையோட விலாசத்தைக் குடுங்க தம்பி. நேரா போய்ப் பாத்துட்டு வாறேன். கண்ணால பாத்துட்டு வந்து தூக்கினா கைக்கே ஒரு பலம் இருக்கும்."

முத்துவீரன் அன்று அவருடைய காலில் விழுந்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்கும். ஆனால் விழுந்தான்.

மகளுக்கு அவரிடமே கொடுத்துவிட ஒரு கவுன் தைக்க நினைத்து, பலாபத்வலையில் ஸுபைதா என்ற தையல்காரியிடம் போனான். மஞ்சள் துணியில் சின்னச் சின்னப் பூப்போட்டது. தாராவுக்குப் பிடித்த நிறம்.

"அளவு கொண்டு வந்தீங்களா தம்பி?"

முத்துவீரன் உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, இடுப்புப் பட்டிக்கு இரண்டு விரல் மேலே வைத்துக் காட்டினான். "இவ்வளவு ராத்தா."

"அது போறப்ப உள்ள அளவில்லையா? பதினொரு மாசமாச்சு. வளர்ற புள்ள. கூட்டித் தைக்கட்டா?"

"வேணாம் ராத்தா. இவ்வளவுதான் இருப்பா" என்றான். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூட்டித் தைத்தால் பதினொரு மாதத்தை ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும் என்று அவனுக்குப் பயம். ஸுபைதா மூன்று பிள்ளை பெற்றவள். அவன் கை நின்ற உயரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டாள்.

தூதுக்குழு புறப்பட்டுப் போன இரண்டாவது வாரம், வியாழக்கிழமை, தோட்டத்துச் சமையலறையில் மத்தியானச் சோற்றின்போது வானொலியில் பாராளுமன்றச் செய்தி போனது. பிள்ளைகளை வேறு நாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்கும் சட்டமூலம் இன்று சபைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாகவும், எந்தக் கட்சியும் அதை எதிர்க்கவில்லை என்றும் வாசித்தார்கள். முத்துவீரன் சோற்றுக் கையோடு எழுந்து நின்றான். சபையில் போதிய உறுப்பினர்கள் இல்லாத காரணத்தால் திகதி குறிப்பிடப்படாமல் ஒத்திவைக்கப்பட்டதாக அடுத்த வசனம் சொன்னது. சட்டத்துக்குக் கை தூக்கக்கூடியவர்கள் எல்லோரும் அதைப் படிக்கப் போயிருந்தார்கள்.

அவன் பிறகு சாப்பிடவில்லை. கைகழுவிவிட்டு, காத்துநின்ற ஜெர்மன் பயணிகளிடம் போய், இது கராம்பு, பல்லுவலிக்கு நல்லது என்று ஆரம்பித்தான். தொண்டை அடைத்துக்கொண்டது. அவர்கள் அதைக் கராம்பின் காரம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கௌரவ உறுப்பினர் திரும்பி வந்தபோது மாத்தளையில் வரவேற்புக் கூட்டம் வைத்தார்கள். மேளமும் மாலையும் வாழைமரமும் இருந்தன. குத்துவிளக்கை ஏற்றிவிட்டு அவர் பேசினார்.

"அன்பார்ந்த பெருமக்களே. அந்த நாட்டிலே நான் கண்ட காட்சிகளை என்னவென்று சொல்வேன். ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது. நாங்கள் ஐந்து ரயில்களைப் பரீட்சித்துப் பார்த்தோம். மலை உச்சிக்கு ஒரு ரயில் போகிறது. அதையும் ஆராய்ந்தோம். அங்கே பசுக்களின் கழுத்திலே மணி கட்டியிருக்கிறார்கள். ஒரு பசு வழிதவறினால், மணிச்சத்தம் கேட்டுத் தேடிப் பிடிக்கிறார்கள். பெருமக்களே, எங்கள் நாட்டுப் பிள்ளைகள் விஷயத்திலும் இவ்வாறான முன்னேற்றமான சிந்தனை தேவை என்று எங்கள் அறிக்கையிலே வலியுறுத்துவோம். இந்த அறிக்கையை எழுதுவதற்கு முன்னர், மணி கட்டாத நாடு ஒன்றையும் ஒப்பீட்டுக்காகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் புறப்படுகிறோம்."

கைதட்டல் அடங்க நேரமானது. குறிப்பெடுக்கப் போன தங்கை மகன் திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டான். தாயின் சம்மதத்தோடு போனவன் என்பதால் அது கடத்தலில் சேராது. தாய் முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணம்மாவும் ஒரு துண்டு வாங்கி, வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முத்துவீரன் மேடைக்குப் பின்னால் போய்க் காத்திருந்தான். ஒரு வருடக் கெடு முடியும் சித்திரைக்கு இன்னும் ஒன்பது நாள். கௌரவ உறுப்பினர் மாலைகளைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"அடடே, தம்பி. புள்ளையைப் பாத்தேன். ராணி மாதிரி இருக்கு. ஒங்க சம்சாரம் நல்ல மனுசி, தேத்தண்ணி தந்தாங்க, மருமகனுக்கு ஒரு ரூமும் பாத்துக் குடுத்தாங்க. இங்க பாருங்க, நான் வெளிப்படையாவே சொல்றேன். இவ்வளவு நல்லா இருக்கிற புள்ளைய இங்க கூட்டியாந்து என்ன செய்யப் போறீங்க? நமக்கு இந்தச் சட்டம் உண்மையிலேயே வேணுமான்னு எனக்கே ஒரு யோசனை வந்துருச்சு."

முத்துவீரனிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஒரு வருடமாகப் படுக்கையில் புரண்டு புரண்டு சேர்த்து வைத்திருந்தான். வாயைத் திறந்தபோது ஒன்றுதான் வந்தது.

"கவுனைப் போட்டாளா ஐயா?"

"ஆ, அது மறந்தே போச்சு. ஸஹாப்தீன், அந்தப் பையைக் குடுங்க." ஸஹாப்தீன் பொலித்தீன் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் கவுன் உள்ளே மடித்தபடி இருந்தது. "போட்டுப் பாத்துச்சு தம்பி. கக்கத்துல இறுக்குது. முழங்காலுக்கு மேல நிக்குது. அங்க பாலும் சொக்லேட்டும்தானே, புள்ளைங்க சும்மா கிடுகிடுன்னு வளருதுங்க. நல்ல துணி, வீணாப் போகப்படாதுன்னு நானே திருப்பிக் கொண்டு வந்துட்டேன்."

முத்துவீரன் பையை வாங்கிக்கொண்டான்.

"அவ்வளவு வளந்துட்டாளா ஐயா?"

"பின்ன. இந்தா, இவ்வளவு இருக்கு."

கௌரவ உறுப்பினர் கையைத் தூக்கினார்.

உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் விரிந்து, வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே அந்தக் கை காற்றில் நின்றது. இந்தச் சட்ட விஷயத்தில் அவர் தூக்கிய கை அது ஒன்றுதான். முத்துவீரன் அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். அங்கே யாராவது நிற்பது போல் கொஞ்சம் குனிந்தும் பார்த்தான்.

யாரோ கூப்பிட்டார்கள். கை இறங்கிவிட்டது.

"ஐயா, இன்னொரு தடவை காட்டுங்க ஐயா."

கௌரவ உறுப்பினர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் நல்ல மனுஷன். மறுபடியும் தூக்கிக் காட்டினார். முத்துவீரன் ஒரு எட்டு வைத்துக் கிட்டே போய், தன் சட்டை அந்தக் கையோடு ஒட்ட நின்றான். கழுத்திலிருந்து நாலாவது பொத்தான். அதை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான்.

பஸ்ஸிலும் அந்தப் பொத்தானை விடவில்லை. சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கியபோது, ஆமிக்காரன் இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். முத்துவீரன் தூக்கினான். தடவிப் பார்த்து அனுப்பியதும் குனிந்து, கழுத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பொத்தான்களை எண்ணி மறுபடியும் பிடித்துக்கொண்டான்.

ஸுபைதா கடையை அடைக்கிற நேரம். மஞ்சள் கவுனைப் பிரித்துப் பார்த்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"சொல்லுங்க தம்பி."

அவன் உள்ளங்கையை விரித்து, நாலாவது பொத்தானுக்கு நேரே பிடித்தான். அவள் குந்தி உட்கார்ந்து தரையிலிருந்து அளந்தாள்.

"இந்த அளவுதானே? இப்ப புதுசா வெட்டிறட்டா?"

"இது எம்.பி. ஐயா போய்ப் பாத்தப்ப உள்ள அளவு ராத்தா."

"சரி, எப்ப அனுப்பப் போறீங்க? யாரு கொண்டு போறா?"

முத்துவீரன் யோசித்தான். ஒத்திவைத்த சட்டம் மறுபடியும் சபைக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் அறிக்கை எழுத வேண்டும். அதற்கு முன்னால் மணி கட்டாத நாட்டைப் பார்க்க வேண்டும்.

ஸுபைதா நாடாவின் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையைக் கொஞ்சம் உயர்த்தினான். பிறகு இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.